முதற்பரிசு: படம் இரண்டு தரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மேடைப்பேச்சுக் கேட்டே அதிகம் வதைபட்ட மனிதர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் புரொஜெக்டர் அண்ணையைச் சொல்லுவேன். சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். அதை நான் கேட்டதில்லை. நகரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அவருடைய கடை. விழா நடத்துகிறவர்களுக்குப் புரொஜெக்டரும் வெள்ளைத்திரையும் வாடகைக்குக் கொடுப்பார். கொடுத்துவிட்டுப் போகவும் மாட்டார். விழா முடியும்வரை அதற்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு இருப்பார்.

எங்கள் விழாக்கள் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை. திரையிடல் என்பது எல்லாவற்றுக்கும் கடைசி. அதற்குள் மண்டபத்தைப் பூட்டும் நேரம் வந்துவிடும். எத்தனையோ விழாக்களில் அண்ணை திரையை விரித்து, உரை உரையாகக் கேட்டு, ஒன்றையும் காட்டாமல் சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

மனிதருக்கு அனிமேசன் குறும்படம் என்றால் உயிர். கலியாண வீட்டில் மாப்பிள்ளை பொம்பிளையின் படங்களைப் போடக் கூப்பிட்டாலும், முதலில் ஒரு குட்டி அனிமேசன் ஓடும். சம்மதமில்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்பார். ஒருமுறை அந்தியேட்டி வீடொன்றில், செத்துப்போனவரின் பழைய படங்களைக் காட்ட அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். சனம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பதைப் பார்த்து அண்ணைக்கு மனம் கேட்கவில்லை. குடையைத் தின்னும் ஆடொன்றின் படத்தைப் போட்டுவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. செத்தவரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஆட்டை இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

இப்படியான மனிதரின் பொறுமை போனது ஒரு விருது விழாவில். அனிமேசன் குறும்படங்களுக்கென்றே நகரில் நடந்த விழா; யார் நடத்தினார்கள் என்ற கதை வேண்டாம். புத்தூரைச் சேர்ந்த சங்கவி என்ற, கம்பஸில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு விருது. ஒரு நிமிடப் படம். அதைச் சித்திரம் சித்திரமாகக் கீறி முடிக்கப் பிள்ளை மாதக்கணக்காக நித்திரை முழித்திருக்கிறாள். தாய், தகப்பன், இனசனம் எல்லோரும் வெங்காயத் தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு, வாடகைக்கு வான் பிடித்து வந்து முன்வரிசையில் இருந்தார்கள். சிறப்புரை ஒன்றரை மணித்தியாலம் போனது. பொன்னாடை போர்த்தினார்கள், கேடயம் கொடுத்தார்கள், மண்டபத்தைப் பூட்டினார்கள். வாசலில் வைத்துத் தாய் மகளைக் கேட்டார்.

"எல்லாம் சரி பிள்ளை, படம் எங்கை?"

திரையைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் வந்த அண்ணைக்கு அது கேட்டுவிட்டது.

அடுத்த நாளே நான் வேலை செய்யும் கந்தோருக்கு வந்து, இனித் தானே விருது விழா நடத்தப்போவதாகச் சொன்னார். உங்களுக்கென்ன விசரா என்று கேட்டேன். மனிதர் சட்டத்தோடு வந்திருந்தார். போட்டிக்கு வரும் படங்களில் ஆகச் சிறியது எதுவோ, அதைவிட நீளமாக எவரும் பேசக்கூடாது. பொன்னாடை இல்லை, கேடயம் இல்லை. வந்த படங்கள் எல்லாம் காட்டப்படும். முதற்பரிசு பெறும் படம் இரண்டு தரம் காட்டப்படும்.

"உது ஒரு பரிசோ அண்ணை?"

"படம் எடுத்த பிள்ளையளிட்டைக் கேட்டுப் பாரும், தம்பி."

விழாவைப் புத்தூர்ச் சனசமூக நிலைய மண்டபத்தில் வைத்தார். சங்கவி வீட்டார் நடந்தே வரலாம் என்பதுதான் காரணம். அவளுடைய படந்தான் ஆகச் சிறியது. ஆகவே பேச்சுக்கு ஒரு நிமிடம். என்னை அறிவிப்பாளராகப் பிடித்துப் போட்டார். வரவேற்புரையை ஒரு நிமிடத்துக்குள் அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிரதம விருந்தினர் இளைப்பாறிய கல்வி அதிகாரி ஒருவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட், நல்ல தொந்தி. சட்டத்தை அவரிடம் பணிவாகச் சொன்னேன். ஐயா சிரித்தார். 

திரைக்கு முன்னால் நின்று ஐயா தொடங்கினார். ஒரு நிமிடம் கடந்தபோது ஐயாவின் பேச்சில் ஆதிமனிதன் அப்போதுதான் குகைச் சுவரில் மாடு கீறிக்கொண்டிருந்தான். அண்ணை புரொஜெக்டரைப் போட்டுவிட்டார்.

சங்கவியின் படம் பருத்தித்துறை பஸ்ஸைப் பற்றியது. கொண்டக்டர் பின்னுக்குப் போகச் சொல்லிச் சொல்லிச் சனத்தை உள்ளே அடைக்க, பஸ் பலூனாக வீங்கி ஆகாயத்தில் ஏறிவிடும். அந்த பஸ் இப்போது ஐயாவின் தொந்தியில் வீங்கத் தொடங்கியது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆதிமனிதனைத்தான் இரசிக்கிறார்கள் என்று நினைத்து ஐயா குரலை உயர்த்தினார். பஸ் நெஞ்சில் ஏறி, கழுத்தால் போய், நெற்றியில் மறைந்தது. கண்ணில் வெளிச்சம் அடித்தபோதுதான் ஐயாவுக்கு விளங்கியது.

 நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு வேர்த்துப்போய் நின்றேன். பின்னாலிருந்து அண்ணையின் குரல் வந்தது.

"ஐயாவை ஒருத்தரும் நிப்பாட்டேல்லை. படத்தின்ரை நேரம் வந்திட்டுது, அவ்வளவுதான்."

ஐயா கையால் கண்ணை மறைத்துக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு, தான் எங்கே இருக்கலாம் என்று கேட்டுவிட்டு, வந்து சங்கவியின் தாய்க்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். படம் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓடியது. நான் திரையைப் பார்க்கவில்லை, தாயைத்தான் பார்த்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தவர், பஸ் மேலே எழும்பியபோது பொத்த மறந்துவிட்டார். முடிந்ததும் மகளின் கையைப் பிடித்தார், பிடித்தபடியே இருந்தார். பிறகு மற்றப் படங்களை ஒவ்வொன்றாக அறிவித்தேன்.

நடுவர்கள் முதற்பரிசைக் குருநகர்ப் பெடியன் ஒருவனின் நண்டுப் படத்துக்குக் கொடுத்தார்கள். சட்டப்படி அது இரண்டு தரம் ஓடியது. பெடியன் அதோடு விடவில்லை. பஸ் படமும் இரண்டு தரம் ஓடியதே, பிறகென்ன முதற்பரிசு என்று எழும்பி நின்று நியாயம் கேட்டான். கேட்டுவிட்டு, "அப்ப என்ரை நண்டையும் ஒருக்கா ஐயாவின்ரை சேட்டிலை விடுங்கோ" என்றான். எனக்கு அவனை இழுத்து இருத்தவேண்டும் போலிருந்தது. ஐயா எழும்பிப் போய்த் திரைக்கு முன்னால் நின்றார். சுருக்கம் விழாமல் சேட்டை இழுத்துப் பிடித்தும் கொடுத்தார். நண்டு குறுக்காக ஓடி வேட்டிக்குள் இறங்கியது.

எல்லாம் முடிந்து சாமான் கட்டப்போன அண்ணையை, சங்கவியின் தாய்தான் மறித்தார். "அண்ணை, நீங்களும் ரெண்டு சொல்லுக் கதையுங்கோவன்."

மனிதர் திடுக்கிட்டுப்போனார். முன்னால் வந்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"போன முறை இந்தப் பிள்ளையின்ரை படம் என்ரை பையுக்குள்ளை இருந்தது. நான் காட்டேல்லை. வீட்டை போய்ச் சோறு இறங்கேல்லை."

அது அவருடைய பிழையே இல்லை. ஆனால் மனிதர் இவ்வளவு நாளும் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். அதற்குப் பிறகு வாய் திறந்துகொண்டது. ஒவ்வொரு படமாக எடுத்து, நண்டு கால் வைத்த விதம், பஸ் ஜன்னலால் எட்டிப் பார்த்த கிழவி என்று சொல்லிக்கொண்டே போனார். அவருடைய ஒரு நிமிடம் எப்போதோ போய்விட்டது. மண்டபத்துக்குப் பொறுப்பானவர் வந்து, மண்டபம் பூட்டும் திறப்புக் கோர்வையைக் குலுக்கிப் பார்த்தார். பிறகு ஃபான்களை நிற்பாட்டினார். வெக்கை எங்களை அவித்தது. ஐயா லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தாரே தவிர அசையவில்லை. ஒருவருமே எழும்பவில்லை. மனிசன் இன்னும் கொஞ்ச நேரம் கதைக்கட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது.