அதிகம் உழைத்த லென்ஸ்

மனிதன் தன்னை அறிய வேண்டும் என்பது பழைய தத்துவம்; தன் லென்ஸை அறிய வேண்டும் என்பதே புதிய தத்துவம். இந்த ஞானத்தை எட்டிப் பிடித்த பெருமை ஒரு பல் டாக்டரைச் சேரும். புகைப்படக் கலைக்கு அவர் ஆற்றிய தொண்டு சாமானியமானதல்ல: ஏழு லென்ஸ்கள் வாங்கினார், ஒன்றையும் விற்கவில்லை.

எட்டாவதற்கு அடிபோட்டபோது மனைவி குறுக்கே நின்றாள். பள்ளி ஆசிரியை, கேள்வி கேட்டே பழகியவள்.

"இருக்கறதுல எதை அதிகமா உபயோகிக்கறீங்க? அதைச் சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்."

டாக்டருக்குத் தெரியவில்லை. தெரியாது என்பது கலைஞனுக்கு அழகல்லவே! "ஆய்வு நடத்தணும்" என்றார்.

ஞாயிறு காலை, சாப்பாட்டு மேசையில் 'ஆய்வுக் குழு' கூடியது. தலைவர் டாக்டர். தொழில்நுட்ப ஆலோசகர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மைத்துனன். எந்தப் படம் எந்த லென்ஸில் எடுத்தது என்பது படத்துக்குள்ளேயே பதிந்திருக்குமாம். அதையெல்லாம் கூட்டிச் சொல்லும் மென்பொருளை லேப்டாப்பில் ஓடவிட்டான். பார்வையாளராக மனைவி, வெங்காயமும் கத்தியுமாக.

திரையில் லென்ஸுக்கு ஒரு கோடு; மற்ற கோடுகள் தரையில் கிடக்க, ஒரு கோடு மட்டும் கூரையை முட்டியது.

"கிட்டப் போய் எடுக்கற மேக்ரோ லென்ஸ்தான் அத்தான். பாதிக்கு மேல அதுலதான் எடுத்திருக்கீங்க."

டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். "நான் அப்பவே சொல்லல? பூவோட நரம்பு, எறும்போட மீசை... நான் நுட்பத்தோட கலைஞன்டா!"

"படத்தையும் பாத்துடலாமே" என்றாள் மனைவி.

பார்த்தார்கள். பூ இல்லை, எறும்பும் இல்லை. முதல் லென்ஸ், பெட்டியோடு. அதே லென்ஸ், பெட்டி இல்லாமல். இரண்டாவது லென்ஸ், கறுப்பு வெல்வெட்டில் ஒய்யாரமாகச் சாய்ந்து. மூன்றாவது, ஜன்னலோரம், யாரையோ நினைத்தபடி. ஊரையெல்லாம் 'ஆ' காட்டச் சொல்லும் மனிதர், தானே ஆவென்று நின்றார்.

"என் படம் ஒண்ணு தேடிக் குடுடா" என்றாள் மனைவி, தம்பியிடம். "என்னை ஹெட்மிஸ்ட்ரஸ் ஆக்கினாங்கல்ல, ஸ்கூல் சுவத்துல மாட்டக் கேக்கறாங்க."

மைத்துனன் தேடித் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தான். லென்ஸின் கூர்மையைச் சோதிக்க, அவள் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருந்த படம். செய்தித்தாளில் எழுத்தெல்லாம் படிக்க முடிந்தது. அவளில் தெரிந்தது எட்டு விரல்கள்.

"விரல் எவ்வளவு ஷார்ப்பா வந்திருக்கு பாரு" என்றார் டாக்டர். மனைவி வெங்காயத்தை ஓங்கி வெட்டினாள்.

"இரு, இப்பவே எடுத்துடறேன்!"

அவள் தலைவாரிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்தாள். ஒரு லென்ஸில் மூக்கு பெருத்தது. இன்னொன்றுக்குப் பின்னால் போகச் சுவர் இடம் கொடுக்கவில்லை. நான்காவதை அவர் மாட்டுவதற்குள் சிரிப்பு தீர்ந்துவிட்டது. அவள் தன் போனைத் தம்பியிடம் நீட்டினாள். ஒரே தட்டு. இன்று பள்ளிச் சுவரில் தொங்குவது அந்தப் படம்தான்.

"முகத்துக்குன்னே தனியா ஒரு லென்ஸ் இருக்கு" என்று இழுத்தார் டாக்டர். "அது இல்லாததுதான் குறை..."

"தாராளமா வாங்குங்க" என்றாள் அவள். "அடுத்த ஜென்மத்துல நானும் லென்ஸாவே பொறந்துடறேன். அப்பவாவது என்னைப் படம் எடுப்பீங்க."