வாவி நடுவே ஒரு ஹவானாச் சுருட்டு

தன்னாமுனை,
தாது வருடம், ஆனி 14.

கொழும்புக் கோட்டையில் சுருட்டுக் கடை உத்தியோகம் பார்க்கும் அன்பு மைத்துனர் யோகராசாவுக்கு, அத்தான் நல்லரத்தினம் எழுதிக்கொள்வது. நானும் உமது தமக்கை சின்னத்தங்கமும் கண்ணகை அம்மன் காவலில் சுகம். உமது சுகத்துக்கும் உமது கடைத் துரையின் சுகத்துக்கும் அம்மனை வேண்டுகிறேன். துரைக்கு அம்மனைத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை.

நீர் புகையிரதப் பார்சலில் அனுப்பிய ஒற்றை ஹவானாச் சுருட்டு, இடுப்பில் பொற்கடதாசி கட்டி, வாசனை மரப்பெட்டிக்குள் மாப்பிள்ளை போலப் படுத்தபடி வந்து சேர்ந்தது. கியூபாத் தீவின் இந்த உயர்ந்த சரக்கைத் துரை கடையில் வைக்கலாமா என்று என் நாக்கின் அபிப்பிராயத்தை எழுத்தில் கேட்டிருந்தீர். நாற்பது வருடம் சுருட்டுப் பிடித்த நாக்கு. அதை மதித்தவர் இந்த உலகத்தில் நீர் ஒருவர்தான். ஆனால் மச்சான், இங்கே நடந்த சங்கதி உமக்குத் தெரியாது. உமது பார்சல் வருமுன்பே, என் சுருட்டுப் பொறி பறந்து, கொடியில் காய்ந்த உமது தமக்கையின் புது மருதமுனைச் சேலையில் ஓட்டை விழுந்துவிட்டது. "இனி இந்த வளவுக்குள்ள சுருட்டு மணந்தா, உங்கட பெட்டியத் தூக்கி உங்கட தங்கச்சி வீட்ட அனுப்பிப்போடுவன்" என்றாள். அதன்பிறகு பன்னிரண்டு நாள், சோறு வந்தது, சொல் வரவில்லை. நம் ஊர் வழமைப்படி வீடு பெண்ணுக்குச் சீதனம். நான் முப்பது வருடத்துக்கு முன் ஒரு தகரப் பெட்டியோடு வந்து ஏறியவன். அவள் சொன்னால் செய்வாள். தங்கச்சி வீட்டு விறாந்தையில் படுப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவளுடைய சத்தம் கேட்காமல் எப்படி இருப்பேன் என்று உண்மையாகவே பயந்துபோனேன்.

இருந்தாலும் சுருட்டு பெட்டிக்குள் கிடந்து என்னைக் கூப்பிட்டது. அரசாங்கக் கச்சேரியில் காணிக் கணக்கு எழுதும் லிகிதராக இருந்து பென்சனில் இளைப்பாறியவன் என்ற முறையில் யோசித்தேன். அவள் சொன்னது வளவுக்குள், அதாவது வேலிக்குள். வளவு வாவிக் கரையோடு முடிகிறது. வாவி முடிக்குரியது. ஆகவே வாவியில் வைத்துப் பிடித்தால், ஆட்சேபிக்க வேண்டியவர் மாட்சிமை தங்கிய மன்னரே தவிர சின்னத்தங்கம் அல்ல. இப்படித் தீர்ப்பு எழுதிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறாவூர்ச் சினேகிதர் இப்றாஹிமின் தோணியில் ஏறினேன்.

நடு வாவியில் பற்றவைத்தேன். மச்சான், என்னத்தைச் சொல்ல! முதல் இழுவையில் நெல் அவிக்கிற வாசனை, இரண்டாவதில் மரமுந்திரிக் கொட்டை சுடுகிற வாசனை, மூன்றாவதில் என்ன வாசனை என்று தேடுவதையே மறந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தொண்டையில் கடிப்பு இல்லை, புகை நீலமாக, அவசரமில்லாமல் எழுந்து கண்டல் மரங்கள் வரைக்கும் போனது, கியூபாவிலும் இப்படி ஒரு வாவி இருக்கும், அங்கேயும் ஒருத்தன் பெண்சாதிக்குப் பயந்து தோணியில் குந்தியிருப்பான், அவன் விட்ட புகைதான் இப்போது எனக்கு வருகிறது என்று தோன்றியது, அவன்மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் வந்தது. இப்றாஹிமுக்கும் ஓர் இழுவை கொடுத்தேன். "அல்லா! இது சுருட்டு இல்ல மச்சான், நித்திரை" என்று கண்ணை மூடினார். மூடியவர் தோணி வலிக்கும் சவளைத் தண்ணீரில் நழுவவிட்டதை இருவரும் வெகுநேரம் கவனிக்கவில்லை. கவனித்தபோதும் கவலை வரவில்லை. அத்தனை உயர்ந்த சரக்கு அது.

பாதி முடிந்திருந்தபோது மேற்கேயிருந்து கச்சான் காற்று கிளம்பிற்று. "காத்து உன்ட சுருட்டைத் திண்டுபோடும், கிறுக்கிப் புடி மச்சான்" என்றார் இப்றாஹிம். காற்றடித்தால் நம் தோணிக்காரர் நெருப்பை வாய்க்குள் வைத்துத்தான் பிடிப்பார்கள் என்பது உமக்குத் தெரியும், துரைக்கு விளங்கப்படுத்தவும். நானும் திருப்பிப் பிடித்தேன். கண்ணை மூடிச் சுகமாக இழுத்துக்கொண்டிருந்தவன் தோணி தட்டி நின்றதும் விழித்தால், காற்று எங்களைக் கொண்டுவந்து சேர்த்த இடம் என் வீட்டுத் துறை. அங்கே பானை கழுவிக்கொண்டு உமது தமக்கை. வேறு வழியில்லை மச்சான். மிச்சத் துண்டை நெருப்போடு முழுதாக உள்ளே தள்ளி வாயை மூடிவிட்டேன்.

"எங்க போய்த்து வாறீங்க?" என்றாள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு வந்த முதல் சொல்! பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் விடவில்லை. "சேல போனதுக்கு இல்ல எனக்குக் கோவம். நம்மட பொடியனும் கலியாணம் முடிச்சுப் பொஞ்சாதி வீட்ட போயிட்டான். இந்த வீட்டுல நான் ஆரோட கதைக்கிற? நான் ஒண்டு சொல்லி முடிக்கு முன்னுக்கு நீங்க சட்டம் பேசுறீங்க. ஒரு நாளாவது கடைசி மட்டும் கேட்டிருக்கீங்களா?" இப்படியே நீண்டநேரம். நான் தலையை ஆட்டினேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பாதி நெருப்பால், மீதி, சத்தியமாக, அவள் சொன்னதால். மூக்கால் வந்த புகையை மெதுவாக விட்டேன், அவள் கவனிக்கவில்லை. கடைசியில் அவளும் அழுது, "சரி, வாங்க, தேத்தண்ணி ஊத்துறன்" என்று திரும்பியதும் துண்டை வாவியில் துப்பினேன். தங்கச்சி வீட்டுக்குப் போகவிருந்த என் தகரப் பெட்டி மறுபடி பரணுக்கு ஏறிவிட்டது.

ஆகவே என் அபிப்பிராயம்: சரக்கு முதல் தரம். துரை தாராளமாக வைக்கலாம். நெருப்பை உள்ளே வைத்துப் பிடிக்க மட்டும் சற்றுப் பருமன். நீர் நீண்ட ஆயுளும் நல்ல இழுவையும் பெற்று வாழ ஆசீர்வதிக்கிறேன். வாசித்ததும் இதை எரித்துவிடவும்; அக்காவுக்கு ஒன்றும் தெரியாது.

இப்படிக்கு,
அன்பு அத்தான்,
நல்லரத்தினம்.

பிற்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதுவது. அத்தான் கடிதத்தை ஒட்டி வைக்கச் சொல்லித் தந்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். மூக்குக்கண்ணாடி உடைந்ததால் எனக்கு வாசிக்க முடியாது என்று அவருக்கு நினைப்பு. உடைந்தது ஒரு பக்கம்தான். கச்சான் காற்று வாவியிலிருந்து வளவுக்குத்தான் அடிக்கும், புகை முழுக்க என் முகத்தில். துப்புங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் முப்பது வருடத்தில் அந்த மனிசன் குறுக்கே பேசாமல் நின்றது அன்றைக்குத்தான். வாய் வெந்து மூன்று நாளாகக் கஞ்சி குடிக்கிறார், பாவம். எனக்கு இன்னும் சொல்ல நிறையக் கிடக்கிறது. ஒரு சுருட்டு காணாது, ஒரு பெட்டி நிறைய அனுப்பு.