கருங்கோளனுக்கு ஒரு எஸ்டிமேட்

திங்கட்கிழமை காலை பதினொன்றேகாலுக்கே கருங்கோளனின் கவசம் திண்டுக்கல் கோட்ட அலுவலகத்துக்குப் போய்விட்டது. அது தெரியாமல் ரெட்டியார்சத்திரம் நெடுஞ்சாலைத் துறை உபகோட்ட அலுவலகத்தில் பொறியாளர் ராயப்பராஜ் தன் மேசை இழுப்பறையை மூன்றாவது முறையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தபால் கொண்டுபோய்வரும் ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டார்.

"எஸ்டிமேட்டு எத்தனைய்யா கொண்டு போன?"

"மேசையில கெடந்த அம்புட்டையும் கட்டிக் குடுத்துட்டேன் சார். பதினொண்ணு."

"பாலம் பத்துதானய்யா?"

"அதென்னமோ சார், பதினொண்ணுலயும் உங்க கையெழுத்தும் சீலும் இருந்துச்சு. நான் எண்ணத்தான் செய்வேன், படிக்க மாட்டேன்."

பத்தும் ஓடைகளுக்கான சிறுபாலங்கள். பதினொன்றாவது, வேற்றுக்கிரகத்து வில்லனின் உடுப்பு.

வினை சனிக்கிழமை தொடங்கியது. மச்சினன் ஜெரோம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். ஆகவே உலக விஷயங்கள் தெரிந்தவன். அக்கா குடும்பத்தை ஒரு டப்பிங் படத்துக்குக் கூட்டிப்போனான். அதில் கருங்கோளன் என்றொருவன் நாலு கை, ரெண்டு கொம்பு, வயிற்றில் எரியும் உலையோடு வந்து பூமியை அழிக்கப் பார்த்தான். வெளியே பிரியாணிக் கடையில் உட்கார்ந்ததும், அந்தக் கவசத்தை நிஜத்தில் செய்தால் நூறு கோடி ஆகும் என்று ஜெரோம் சொல்லிவிட்டான்.

அளவெடுக்காமல் ஒருவன் விலை சொன்னால் ராயப்பராஜால் தாங்க முடியாது. இருபத்திரண்டு வருஷமாக எஸ்டிமேட் போடுகிறவர். கல்யாண வீட்டில் பந்தலின் சதுர மீட்டரையும், கல்லறைத் தோட்டத்தில் குழியின் கன மீட்டரையும் கேட்காமலே சொல்லக்கூடியவர்.

"அது வேற கிரகத்து உலோகம் மச்சான்" என்றான் ஜெரோம்.

"எந்தக் கிரகத்து இரும்பா இருந்தாலும் கிலோவுக்குத்தான் மாப்ள ரேட்டு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர் அரசாங்கத்தின் விலைப்பட்டியலை விரித்து உட்கார்ந்தார். பாதங்களை அஸ்திவாரமாகக் கொண்டார். மார்பு, மூன்று மில்லிமீட்டர் தகடு. கொம்பு இரண்டு, உருளை வடிவம். தலைக்கவசத்தைக் கும்மட்டமாகக் கணக்கிட்டு, கண்ணுக்கும் வாய்க்கும் ஜன்னல், வாசல் என்று அந்தப் பரப்பைக் குறைத்து முறையாகக் கழிவு கொடுத்தார். வயிற்று உலைக்குப் புகைபோக்கி சேர்த்தார். ஒரு கோட்டு பிரைமர், இரண்டு கோட்டு நீலப் பெயிண்ட். வண்டிக்கூலிதான் இடித்தது: பட்டியலில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ரேட் கிடையாது. அதனால் கவசம் வேற்றுக்கிரகத்திலிருந்து நேராகப் பக்கத்துக் கொடைரோடு ரயில் நிலையத்தில் வந்து இறங்குவதாக வைத்துக்கொண்டார். எதிர்பாராச் செலவு இரண்டரை சதவீதம். ஆக மொத்தம் ரூபாய் இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரத்து நானூறு.

மனைவி அன்னாள் எட்டிப் பார்த்து, அந்தக் காசுக்கு வீடு முழுக்க டைல்ஸ் ஒட்டலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வெஞ்சனம் தாளிக்கப் போனாள்.

ஜெரோமின் வாயை அடைக்கச் சீலும் இருந்தால் நல்லது என்று ராயப்பராஜ் காகிதத்தை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டுச் சீல் குத்தினார். அதை மேசையிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

இப்போது மார்ச் மாதம். மாதக் கடைசியில் பதவி உயர்வுப் பட்டியல். அவர் பெயர் இரண்டாவது. இந்த நேரத்தில் ஒழுங்கு நடவடிக்கை என்று ஒரு 17பி மெமோ வந்தால் பட்டியலிலிருந்து பெயரை உருவிவிடுவார்கள். அரசுத் தாளில் அரக்கனுக்குக் கொம்பு வைத்தது ஏன் என்று கேட்டால் எந்த விதியை மேற்கோள் காட்டுவது?

ஆனாலும் மனுஷர் கலங்கவில்லை. காகிதத்தில் வந்த வியாதிக்குக் காகிதத்திலேயே மருந்து உண்டு என்பது அவர் அனுபவம். 'பதினொன்றாவது மதிப்பீட்டில் விலை விகிதங்கள் சரிபார்க்கப்பட வேண்டியுள்ளதால் திருப்பி அனுப்பக் கோருகிறேன்' என்று எழுதிப் போட்டார்.

நாலாம் நாள் பதில் வந்தது. விகிதங்கள் கோட்ட அலுவலகத்திலேயே சரிபார்க்கப்பட்டனவாம். இரும்பின் விலை பழையதாம். திருத்திய மதிப்பீடு மூன்று லட்சத்து இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரம்.

ராயப்பராஜ் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். இடம் இல்லாத வேலையை எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார். 'இப்பணிக்கென நிலம் எதுவும் இல்லை என்பதைப் பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன்' என்று எழுதினார்.

அதற்கு மூன்றே நாளில் பதில். நில எடுப்பு தேவைப்படாத பணி என்பதால் அதற்கு முன்னுரிமை அளிக்கப்பட்டிருந்தது. பத்துப் பாலங்களும் அதன் பின்னால் வரிசையில் நின்றன.

இனிக் காகிதம் உதவாது என்று அரை நாள் லீவு போட்டுத் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினார். கோட்ட அலுவலகத்தில் மதிப்பீடுகளைப் பார்க்கும் கண்காணிப்பாளர் நஜ்முன்னிசா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்ப்பவர். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ராயப்பராஜ் பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தார். வாக்கியம்கூடத் தயாராக இருந்தது.

அவர் வாயைத் திறக்குமுன் அந்தம்மா எழுந்து நாற்காலி போட்டார்.

"வாங்க சார். அந்தப் பதினொண்ணாவது எஸ்டிமேட்டப் பத்தித்தான் இங்க ஒரு வாரமாப் பேச்சு. இம்புட்டுச் சின்ன ஜன்னலுக்கெல்லாம் கழிவு போட்ட ஆள நான் பாத்ததே இல்ல. கோட்டப் பொறியாளர் ஐயா எல்லாரையும் கூப்பிட்டு, இவரு மாதிரி போட்டுப் பழகுங்கன்னு காமிச்சாரு."

ராயப்பராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். வாக்கியம் மறந்துபோனது. "கும்மட்டத்துக்குப் பரப்பு எடுக்குறது கொஞ்சம் சிக்கல்தான் மேடம்" என்று கால் மணி நேரம் விளக்கினார். டீ வந்தது. இரண்டாவது டீயின்போதுதான் வந்த காரியம் ஞாபகம் வந்து, அந்த ஒரு வேலையை மட்டும் இந்த வருஷம் தள்ளி வைக்க முடியுமா என்று இழுத்தார்.

"நல்லாருக்கே. மார்ச் முடிஞ்சா பணம் திரும்பிப் போயிரும். நேத்தே சாங்ஷன் ஆகி, பதினொண்ணும் காத்தமுத்துக்குக் குடுத்தாச்சு."

என்ன வேலை என்று மட்டும் அங்கே யாரும் கேட்கவில்லை. சாந்தும் தகடும் சதுர மீட்டரும் சரியாக இருக்கையில் அந்தக் கேள்விக்கு அவசியமும் இல்லை.

காத்தமுத்து, தொப்பம்பட்டி காண்ட்ராக்டர். இனி அவர் ஒருவரைப் பிடித்தால் போதும். தகடு வாங்குமுன், பட்டறையில் சொல்லுமுன், கொம்பு முளைக்குமுன் தடுத்துவிட வேண்டும். மூன்று லட்சத்தில் நாலு கை உருவம் ஒன்று ஊர் நடுவே எழுந்து நின்றால் 17பி போதாது, பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். மறுநாள் ராயப்பராஜ் முழு நாள் லீவு போட்டார்.

காத்தமுத்து தன் வீட்டு வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். எழுந்து துண்டை இடுப்பில் கட்டி, மோர் கொண்டுவரச் சொன்னார். ராயப்பராஜ் மோரைத் தொடவில்லை. நடந்ததையெல்லாம் படம், பிரியாணி, ஜெரோம், சீல் என்று ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார்.

"உங்க கையிலதான்யா என் உத்தியோகம் இருக்கு. அந்தப் பதினொண்ணாவது வேலைய மட்டும் ஆரம்பிச்சிராதீங்க."

காத்தமுத்து சங்கடத்தோடு கழுத்தைத் தேய்த்தார்.

"கொஞ்சம் முந்திச் சொல்லியிருக்கலாமுங்க. அது முடிஞ்சு மூணு நாளாச்சுங்க."

"மூணு நாளா? நேத்து முந்தாநாள்தான்யா சாங்ஷனே ஆச்சு."

"ஆர்டருக்குக் காத்திருந்தா மார்ச் தாங்குமுங்களா? நீங்க எழுதியிருந்தபடி ரெண்டு கோட்டு நீலப் பெயிண்டும் அடிச்சாச்சுங்க. பில்லு எழுதிக் குடுத்துட்டேன்."

ராயப்பராஜுக்குப் பயத்தோடு கூடவே, ஒரு ஓரத்தில், கும்மட்டம் தன் அளவுக்குச் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கிற ஆசையும் எட்டிப் பார்த்தது. மெதுவாக எழுந்து வேப்பமரத்துக்குப் பின்னால் பார்த்தார். இரண்டு எருமைகள் நின்றன. மாட்டுக்கொட்டகைக்குள் பார்த்தார். மூட்டைகள். வேலிக்கு அப்பால் தக்காளித் தோட்டம் வெறும் வெயிலில் கிடந்தது.

"எங்கய்யா அது?"

காத்தமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பதினஞ்சு வருசமா உங்க எஸ்டிமேட்டுல நான் கட்டுன பாலத்துல ஒண்ணயாச்சும் எங்கேன்னு கேட்டிருக்கீங்களா? இத மட்டும் ஏனுங்க கேக்கறீங்க?"