வேப்பங்கொட்டைச் சாறும் என் ஞாயிற்றுக்கிழமையும்

இனி ஒரு வண்டு என் வீட்டு அரிசியில் கால் வைத்தால் நான் ரஹ்மத்துல்லா இல்லை. வண்டுக்கு ஆறு கால். ஆறில் ஒன்றைக்கூட வைக்க விடமாட்டேன். மொட்டை மாடியில், மண்டை காயும் வெயிலில், கையில் முறத்தோடு நின்றுகொண்டு இப்படி ஒரு சபதம் போட்டேன். கேட்க ஆள் இல்லை. தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு காக்கா மட்டும் இருந்தது. அதுவும் அரிசிக்காக வந்த காக்காதான்.

என் நிலைமையைக் கேட்டால் உங்களுக்கே பாவமாக இருக்கும். செங்கல்பட்டு பஜாரில் பைப்பும் குழாயும் விற்கிற கடை எனக்கு. வாரம் ஆறு நாள் அடுத்தவன் வீட்டு ஒழுகலுக்கு வழி சொல்கிறவன். ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாள் காலையில் சோபாவில் சாய்ந்து, டிவியில் கிரிக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அப்படியே வீட்டு நிர்வாகத்தையும் கொஞ்சம் கவனிக்கலாம் என்பது என் ஆசை. கவனிக்க எவ்வளவோ இருக்கிறது. குருமா கொதிக்கும்போது தீயைக் குறைக்கச் சொல்ல வேண்டும். வெங்காயத்தை இன்னும் பொடியாக நறுக்கலாம் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். மனைவி அவள் தங்கச்சியோடு போனில் பேசும்போது, பேச்சை எந்த இடத்தில் முடிக்கலாம் என்று சைகை காட்ட வேண்டும். நான் இல்லாவிட்டால் இதையெல்லாம் யார் செய்வார்கள்?

உட்கார விட்டால்தானே. என் மனைவி பதருன்னிசாவின் அண்ணனுக்கு அச்சரப்பாக்கத்தில் நெல் வியாபாரம். அறுவடை முடிந்ததும் தங்கச்சி வீட்டுக்கு என்று இரண்டு மூட்டை அரிசி அனுப்பிவிடுவார். கூடவே வண்டும் வரும். நான் சோபாவில் சாய்கிற நேரம் பார்த்து சமையல்கட்டிலிருந்து குரல் வரும்.

"ஏங்க, அரிசில வண்டு ஊருதுங்க."

"ஊர்ந்தா இன்னா? அதுவும் ஒரு ஜீவன்தானே."

"அந்த ஜீவனப் பாத்தாலே எனக்கு ஒடம்பு கூசுது. மாடிக்கு எடுத்துனு போயி, காய வெச்சி, பொடைச்சி எடுத்தாங்க."

"இன்னிக்கி மேட்ச் கீது, பதரு."

"மேட்ச்சுக்கு ராத்திரி ஹைலைட்ஸ் போடுவான். வண்டுக்கு ஹைலைட்ஸ் கெடையாது. கெளம்புங்க."

புடைத்தால் பதர்தான் பறக்கும் என்பார்கள். என் வீட்டில் பதரு கீழே ஃபேன் காற்றில் இருக்கிறாள், நான்தான் மேலே பறக்கிறேன். மூட்டையைச் சுமந்து ஏறி, பழைய வேட்டியில் அரிசியைப் பரப்பி, காக்காவை விரட்டி, புடைத்து, அள்ளி, திரும்ப இறங்கும்போது மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லிவிடுவார்கள். மேட்ச் முடிந்திருக்கும். குருமாவும் என் மேற்பார்வை இல்லாமலே வெந்திருக்கும்.

ஆகவே சபதம். அதை நிறைவேற்ற போனில் தேடினேன். வேப்பங்கொட்டை, நொச்சி இலை, வசம்பு. இந்த மூன்றின் சாறு இருந்தால் வண்டு ஊரைவிட்டே ஓடிவிடும் என்று வீடியோவில் ஒரு ஆள் அடித்துச் சொன்னார். அன்று சாயங்காலமே கொளவாய் ஏரிப் பக்கம் போய் வேப்பங்கொட்டை பொறுக்கினேன். கடைக்கு வந்து போகிற ப்ளம்பர் ஒருவர் பைக்கை நிறுத்தி, "இன்னா பாய், யாவாரம் டல்லா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மானம் போனாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும்.

எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு அரைத்து, வடிகட்டி, அரிசி மேல் தாராளமாகத் தெளித்தேன். வண்டு போனது உண்மை. கூடவே அரிசியும் போய்விட்டது. ஈரத்தில் பூஞ்சை பிடித்து அரை மூட்டை அரிசி பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது. அந்த மிக்ஸியில் அரைத்த தேங்காய்ச் சட்னியை வாயில் வைத்த என் மனைவி தன் தட்டைத் தள்ளி வைத்தாள். என் தட்டில் மட்டும் இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள்.

"முழுசா சாப்டுங்க. உங்க வவுத்துல கூட வண்டு வராது."

அப்புறம்தான் தெரிந்தது, நான் அந்த வீடியோவில் பாதியைத்தான் பார்த்திருக்கிறேன். மறுபாதியில் அந்த ஆள் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறார்: சாற்றை அரிசி மேல் தெளிக்காதீர்கள். காலிச் சாக்கை அதில் ஊறவைத்து, நிழலில் நன்றாக உலர்த்தி, பிறகு அரிசியைக் கொட்டுங்கள். உள்ளே ஒரு துணியில் வசம்பை முடிந்து போடுங்கள். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

சொன்னபடி செய்தேன். சாக்கு காய்ந்ததும் மிச்ச அரிசியைச் சலித்துப் புடைத்துக் கொட்டி, வாயைக் கட்டினேன். அடுத்த ஞாயிறு. சோபா. டாஸ் போடப் போகிறார்கள்.

"ஏங்க, வண்டு."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். அரிசி மேல் வண்டுகள் ஜாலியாக வாக்கிங் போய்க்கொண்டிருந்தன. முறத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன்.

அடுத்த வாரம் வேப்பங்கொட்டையை இரண்டு பங்காக்கினேன். வண்டு வந்தது. சீத்தாப்பழக் கொட்டையையும் அரைத்துச் சேர்த்தேன். வந்தது. வீட்டுக்குள் நுழைகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள், வண்டு மட்டும் போகவில்லை. ஒருவேளை கசப்புக்குப் பழகிவிட்டதோ? இவ்வளவு வருஷத்தில் என் மனைவி போடும் டீக்கு நான் பழகவில்லையா?

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. வண்டு எப்போதும் மேலாகத்தான் இருந்தது. கையை உள்ளே விட்டுக் கிளறினால் அரிசி சுத்தமாக இருந்தது. மூளையைக் கசக்கி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். மேலே இருக்கிறது என்றால் மேலேயிருந்து வருகிறது. அதாவது பறந்து வருகிறது. உடனே சமையல்கட்டு ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தேன். பதரு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்டிங்க இவ்ளோ மூள உங்களுக்கு?" என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வலைக்குப் பிறகும் வண்டு வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாடியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் ஸ்டான்லி துணி காயப்போட வந்தார். இதே ஃப்ளாட்டில் எங்களுக்கு எதிர் வீட்டுக்காரர். அணுபுரத்தில் வேலை, சர்ச் முடிந்து வந்த வெள்ளைச் சட்டையோடு இருந்தார்.

"பாய், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்க."

"சனிக்கெழமயானா உங்க வூட்டம்மா எங்க வூட்ல வந்து வண்டு வாங்கிகினு போறாங்களே, இன்னாத்துக்கு?"

"இன்னா வாங்கிகினு?"

"வண்டு பாய். எங்க அரிசில நெறைய கீது. ஒரு சின்ன டப்பா எடுத்தாந்து புடிச்சிகினு போறாங்க. எதிர் வூட்ல சக்கர வாங்குவாங்க, கறிவேப்பில வாங்குவாங்க. வண்டு வாங்கறவங்கள நான் இப்பதான் பாக்கறேன். மீன் வளக்கறீங்களா?"

வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது. பார்த்தாலே உடம்பு கூசுகிறவள், டப்பாவில் பிடித்துக்கொண்டு வருகிறாளாம்! அரிசியை அப்படியே காக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் படிகளில் தடதடவென்று இறங்கினேன்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே என் சோபாவில், என் தலையணையில், என் மனைவி காலை நீட்டிப் படுத்திருந்தாள். ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காதில் போன், தங்கச்சியோடு பேச்சு. பேச்சை எங்கே முடிப்பது என்ற கவலையே அந்த முகத்தில் இல்லை. இப்படி ஒரு நிம்மதியை அவளிடம் நான் பார்த்ததே கிடையாது. கோபத்தோடு கூட எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"வண்டு வாங்கற வேலைய எப்பலர்ந்து ஆரமிச்ச?"

அவள் பதறவில்லை. "அப்பறம் பேசறேன்டி, கண்டுபுடிச்சிட்டாரு," என்று போனை வைத்தாள்.

"எதுக்கு இந்த வேல? சொல்லு."

"நீங்க வூட்ல இருந்தா நான் கரண்டிய எந்தக் கையில புடிக்கணும்னு கூட சொல்றீங்க."

"நல்லதுக்குத்தானே சொல்றேன்!"

"இருக்கலாம். ஆனா வண்டு வாயத் தொறக்காம அரிசியத் துன்னுட்டுப் போவுது. எனக்கு அதுவே பரவால்லன்னு தோணிச்சு."

இதற்கெல்லாம் அசருகிறவன் இல்லை நான். சட்டென்று பொறி தட்டியது. வண்டை அவள்தான் கொண்டுவந்து போட்டாள் என்றால், என் சாக்கில் சொந்த வண்டு ஒன்றுகூட இல்லை!

"அப்போ என் சாறு வேல செய்யுது! ஜெயிச்சிட்டேன்! இனிமே ஒரு ஞாயித்துக்கெழமயும் மாடி ஏற மாட்டேன், பதரு!"

"ஆமாங்க, அருமையா வேல செய்யுது. போட்ட வண்டெல்லாம் உள்ள போகாம மேலயே நின்னு முழிச்சிச்சி. அதான் நம்ம ஃப்ளாட் லேடீஸ் க்ரூப்ல நேத்தே போட்டுட்டேன்."

"இன்னான்னு?"

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். 'வண்டு விரட்டும் மூலிகைச் சாறு. கண்டுபிடித்தவர் எங்கள் வீட்டு விஞ்ஞானி. ஞாயிறுதோறும் உங்கள் சாக்கை அவரே ஊறவைத்து உலர்த்தித் தருவார்.' கீழே வரிசையாகக் கைதட்டல். ஒருவர் பூங்கொத்துகூட வைத்திருந்தார். விஞ்ஞானி என்ற அந்த ஒரு வார்த்தையை நான் இரண்டு தடவை படித்தது உண்மை. அங்கேதான் வழுக்கிவிட்டேன்.

காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தேன். மாடிப்படி நெடுக கையில் சாக்கோடு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முதல் ஆளாக ஸ்டான்லியின் சம்சாரம், "பாய், எங்க வூட்டுக்கு மட்டும் மூணு சாக்கு," என்றாள்.

திரும்பி என் மனைவியைப் பார்த்தேன்.

"அப்போ நான் எப்பதான் சோபால உக்கார்றது?"

"மாடில ஒரு சேர் வாங்கிப் போட்டுட்டேங்க. நாஸ்தாவும் மேலயே குடுத்தனுப்பறேன்."