மிளகாய்க்கும் எனக்கும் ஒரே அறை

அன்பு மைத்துனன் யூன்-சோப்புக்கு,

நானும் உன் அக்காவும் நலம். நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை. இந்தத் தடவை பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். இங்கே கைப்பேசிக்கு சிக்னல் கிடைப்பது அலைதடுப்புச் சுவரின் மேல் மட்டும். அங்கே ஐந்து பெண்கள் நெத்திலி காயவைத்தபடி ஒரு சொல் விடாமல் கேட்கிறார்கள். வீட்டுப் போன் சமையலறையில், உன் அக்காவின் முழங்கைக்குப் பக்கத்தில். அதனால் கடிதம்.

மூன்று நாளைக்கென்று வந்தோம். இன்று ஒன்பதாவது நாள். உன் அக்கா டேகு வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்கிறாள். நீ சொன்னால் கேட்பாள், கூப்பிட்டுச் சொல்.

"கடலைப் பாத்த ரூம், வாடகை மலிவு, அமைதின்னா அப்படியொரு அமைதி" என்று எங்களை இந்த நாம்ஹே தீவுக்கு அனுப்பியவன் நீ. கடல் இருக்கிறது. முப்பத்தொரு வருடம் பத்திரிகை நிருபராக இருந்தவன், இருப்பதை இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் பத்தடிக்கு எட்டடி அறையில் முக்கால்வாசித் தரை காயப்போட்ட சிவப்பு மிளகாய்க்கு. தரைக்கு அடியில் சூடு போட்டிருந்தது எங்களுக்காக என்று நினைத்து முதல் நாள் நன்றி சொன்னேன். வீட்டுக்காரி சுன்-ரேவுக்கு எழுபத்தாறு வயது, சிரித்தாள். "செப்டம்பர்ல மனுசனுக்கு எதுக்கு தம்பி சூடு? வெளிய மழை, மிளகாய் பூசணம் பூத்துப்போகும்ல? செவரோரமா படுத்துக்கோங்க. புரண்டுராதீங்க." புரளவில்லை. தும்மல் மட்டும் நாற்பத்தொன்று. விடிந்தும் விடியாமல் ஐந்து ஐம்பதுக்கு ஊர்த்தலைவர் க்வாக் ஒலிபெருக்கியில் ஒரு காதல் பாட்டைப் போட்டுவிட்டு, "சுன்-ரே அக்கா வீட்ல தங்கியிருக்கிற டேகு பெரியவரே, நீங்க கேட்ட மலச்சிக்கல் மாத்திரை கடைக்கு வந்துருச்சு. வெறும் வயித்துல போடணுமாம்" என்று மூன்று தடவை அறிவித்தார். வழியில் முன்பின் தெரியாத படகுக்காரர் ஒருவர், "இன்னும் ஒண்ணும் ஆகலையா?" என்று விசாரிக்க, ஆகலை என்று நான் சொல்லித் தொலைக்க, அவர் மனைவி ஒரு சட்டி கடற்பாசி சூப் கொண்டுவந்து, நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உக்காந்திருந்தா.

உன் அக்கா இதில் எதையும் கண்டுகொள்வதில்லை. கடல் உள்வாங்கியதும் ரப்பர் பூட்ஸ், பூப்போட்ட தொப்பி, கையில் களைக்கொத்து. சுன்-ரேயோடு சேற்றில் சிப்பி தோண்டப் போய்விடுகிறாள். திங்கட்கிழமை பேருந்து நிறுத்தத்தில் பையோடு நின்றேன். சேற்று நடுவிலிருந்து கையசைத்தாள். வருகிறாள் என்று நினைத்தேன். எனக்கு விடைகொடுத்தாளாம்!

"வீடு பூட்டிக் கிடக்குதும்மா" என்றேன்.

"கிடக்கட்டும். முப்பத்தெட்டு வருசம் நான் அதுல கிடக்கல? இங்க காலைல எந்திரிச்சா ஒருத்தி சோத்தப் போட்டு, 'சாப்பிடு'ங்கறா. அங்க யாரு போட்டா?"

"சேத்துல கிடந்து மாடா உழைக்கிறியே, அது?"

"அது உழைப்பா? வயிறு வலிக்கச் சிரிக்கறோம். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காம நீங்களும் வாங்களேன்."

அவள் இல்லாமல் தனியாகப் போய் அந்த வீட்டில் நான் என்ன செய்வேன், சொல்லு? அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, அப்பனின் யோசனைகளைக் கேட்காமல் வளரட்டும். உனக்கான ஆசிகள் உன் அக்கா பேருந்தில் ஏறியபின்.

இப்படிக்கு,
உன் அத்தான்
மூன் டே-ஷிக்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஏழு பெண்கள் அறைக்குள் வந்துவிட்டார்கள். படகுத்துறைப் படிக்கட்டு இடிந்து இரண்டு வருடமாம். மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுதித் தர வேண்டுமாம். யார் எந்தப் படியில் என்றைக்கு விழுந்தார் என்று தேதியோடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழு பேர் முடிந்தது, ஊருக்குள் இன்னும் பதினான்கு பேர் விழுந்திருக்கிறார்கள். அத்தனை பேரையும் நேரில் பார்க்காமல் எப்படி எழுதுவது? இந்த நேரம் பார்த்து உன் அக்கா பையோடு வந்து நிற்கிறாள். "எங்கூட சேத்துக்கு வர ஒருத்தியும் இல்ல, எல்லாம் உங்களச் சுத்தி உக்காந்துருக்குதுங்க. கிளம்புங்க, ரெண்டு மணி பஸ்ஸு." நான் வரலைன்னுட்டேன். இன்னும் ஒரு வாரமாவது இருக்கச் சொல்லி உன் அக்காவுக்கு உடனே போன் பண்ணு. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னாலேயே பண்ணு.