முன்சீட்டுச் சாமி

காலை ஐந்து ஐம்பது. மலை வளைவில் பஸ்ஸின் விளக்கு திரும்பியதும் முதலில் தெரிவது ஒரு காவித் துண்டு. அதைத் தோளில் போட்டிருக்கும் ஆள் அப்புறம்தான் தெரிவார். ரோட்டின் ஓரத்தில் நிற்க மாட்டார், நடுவில் நிற்பார். "ஓரத்துல நின்னா நிப்பாட்டுறது அவன் விருப்பம். நடுவுல நின்னா அவனுக்கு வேற வழியில்ல" என்பது அவருடைய சட்டம்.

சப்ரகமுவ மாகாணத்தில் ஓடும் பஸ்களில் ஒரு நாளும் நின்றுகொண்டு போகாத ஒரே பயணி அவர்தான் என்று நான் எங்கேயும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கதவில் தொங்கிக்கொண்டு ஆட்கள் போகும் நாளிலும் அவருக்கு இடம் இருந்தது. முன் கதவுக்குப் பக்கத்தில், 'மதகுருமாருக்கு' என்று மூன்று மொழியிலும் எழுதிய இரட்டைச் சீட்டு இருக்கிறதே, அது. சாதாரண ஆட்கள் அதில் உட்கார்ந்தால் பாதி உடம்போடுதான் உட்காருவார்கள். அடுத்த பஸ் ஹோல்டில் பிக்கு ஏறினால் எழும்ப வேண்டும். இவர் முழு உடம்போடு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சம்மணம் போட்டு உட்காருவார்.

ஏனென்றால் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் பூசை செய்யும் பண்டாரம் அவர்தான், எங்களுக்குச் சாமி. தேயிலையைக் கவ்வாத்து வெட்டிக் காய்த்துப்போன கையால் கற்பூரத் தட்டைப் பிடிப்பார். சமஸ்கிருதம் ஒரு சொல்லும் தெரியாது. அம்மனிடம் நேரடியாகவே பேசிவிடுவார். "ஆத்தா, மழ போதும். நாலு நாளா ஒருத்தரும் வேலைக்குப் போகல. நீயும் வெறும் பொரிகடலதான் சாப்பிடுற, யோசிச்சுப் பாரு."

செவ்வாயும் வெள்ளியும் பூ வாங்க இரத்தினபுரிக்குப் போவார். பக்கத்தில் இருக்கிற றக்வானையிலும் பூ விற்கிறார்கள். அந்தப் பூ அம்மனுக்குப் பிடிக்காது என்பார். அம்மனுக்கு எப்படியோ, றக்வானை பக்கம் போகிற பயணம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். இரத்தினபுரிக்கு என்றால் இரண்டு மணி நேரம். பஸ்ஸின் முன் கண்ணாடிக்கு எதிரில் உட்கார்ந்து உலகத்தைத் திட்ட அது போதும்.

திட்டுவதையும் பூசை மாதிரி முறைப்படிதான் செய்வார். ஏறியதும் டிரைவரின் தலைக்கு மேலே மின்விளக்குச் சட்டத்துக்குள் படமாக இருக்கும் புத்தருக்கும் பிள்ளையாருக்கும் கதிர்காமக் கந்தனுக்கும் கும்பிடு. ஸ்டியரிங்கில் ஒரு கீற்று விபூதி. சிங்கள டிரைவர் அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார். அதோடு மரியாதை முடிந்தது.

"பின்னால வேற பஸ் வராத வரைக்கும் தேர் இழுக்குறான். வந்துட்டா பொணத்தத் தூக்கிட்டு ஓடுறான். நாம சாமியா பொணமான்னு இவனே ஒரு முடிவுக்கு வரட்டும்."

பஸ் புதிதாக வழுவழுவென்று தார் போட்ட கார்பட் ரோட்டுக்கு வந்ததும் அடுத்தது: "முந்தி ரெண்டு மணி நேரம் எடுத்துச்சு. கோடிக்கணக்குல கொட்டி கார்பட் போட்டான். இப்பவும் ரெண்டு மணி நேரம்தான். அப்ப குழிக்கு நின்னோம், இப்ப காருக்கு நிக்கிறோம். நிக்கிறதுல கொறயே இல்ல."

பெல்மதுளைச் சந்தியில் புதிதாகக் கடை முளைக்கும்போதெல்லாம் அதற்கும் ஒரு வாழ்த்துரை உண்டு. "மருந்துக் கட. அதுக்குப் பக்கத்துல கேக்குக் கட. அதுக்குப் பக்கத்துல மறுபடி மருந்துக் கட. யோசிச்சுத்தான் வச்சிருக்காங்க." இரத்தினபுரியில் மாணிக்க வியாபாரிகள் ரோட்டில் நின்றபடியே கல்லைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பஸ் ஹோர்ன் அடித்தாலும் நகர மாட்டார்கள். "கல்லப் பாக்குறவன் ரோட்டப் பாக்க மாட்டான். ரோட்டப் பாக்குறவன்கிட்ட கல்லு வாங்கக் காசு இருக்காது" என்பார்.

இதையெல்லாம் மெதுவாகச் சொன்னால் பரவாயில்லை. பஸ்ஸில் முக்கால்வாசி சிங்களவர்கள். அவர் பேசுவதோ கடைசிச் சீட்டு வரைக்கும் கேட்கும் தமிழ். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போகும் நாங்கள் ஆறேழு பேர் நடுவில் உட்கார்ந்து போன்களுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டிருப்போம். நான் நீதிமன்றச் செய்தி அனுப்பும் நிருபர். பக்கத்தில் உட்காரும் சுமதி போன் கடையில் வேலை. "அண்ணே, அவரு நம்ம பக்கம் திரும்புறாரு. தூங்குற மாதிரி இருங்க" என்பாள். எங்களில் நல்ல நடிகர்கள் குறட்டையும் விடுவார்கள்.

ஒருநாள் புதுக் கண்டக்டர் ஒருவன் வந்தான். பெல்மதுளையை நெருங்கும்போது இவருக்கு முன்னால் வந்து நின்று, மேலே இருந்த எழுத்தைக் காட்டி, "மேக பூஜக பக்ஷயட வெங் கரபு சீட் எக" என்றான். இது மதகுருமாருக்கு ஒதுக்கிய சீட், எழும்பு என்று அர்த்தம்.

"மமத் பூஜக பக்ஷயே தமய்" என்றார் இவர். நானும் மதகுருதான்.

கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தான். கட்டம் போட்ட சாரம், பட்டன் இல்லாத சட்டை. சிரித்துவிட்டான். சுமதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சாமி பைக்குள் கையை விட்டு, பூசை மணியை எடுத்து, ஆதாரமாக ஒரு தடவை அடித்தார்.

பஸ்ஸில் ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் போக வேண்டும். டிரைவர் பழகிய காலால் பிரேக்கை மிதித்தார். சரியாகச் சந்தியின் நடுவில் பஸ் நின்றது. நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே குடும்பமாக முன்னால் வந்து விழுந்தார்கள். நாலு பக்கமும் வாகனம் அடைத்து ஹோர்ன் பறந்தது. டிராஃபிக் பொலிஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வெறுமனே பார்த்தார்.

"பாத்தியா மல்லி, என் மணிக்கு பஸ்ஸே நிக்கிது" என்றார் சாமி. பிறகு இரண்டு தடவை அடித்தார். பஸ் புறப்பட்டது. அந்தக் கண்டக்டர் அதன் பிறகு அவரைச் 'சுவாமி' என்றுதான் கூப்பிட்டான். நாங்கள் இரத்தினபுரி வரைக்கும் தலை நிமிரவில்லை.

இன்னொரு நாள் கஹவத்தைக்கு அப்பால் வயதான பிக்கு ஒருவர் ஏறினார். எல்லோரும் முன் சீட்டைப் பார்த்தார்கள். இவர் எழும்பிவிட வேண்டுமே என்று நான் மாரியம்மனை வேண்டினேன். எழும்பவில்லை. ஜன்னல் பக்கத்தை விட்டுக்கொடுத்து ஓரத்துக்கு நகர்ந்தார், அவ்வளவுதான். அவருக்கு அது பெரிய தியாகம். பிக்கு அவரைப் பார்த்து எந்தக் கோவில் என்று சிங்களத்தில் கேட்டார். இவர் சொன்னார். பிக்கு உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும், இந்த டிரைவர் எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார். இருபது வருஷமாக யாராவது தன்னிடம் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல இவர் சிங்களத்தில் தொடங்கினார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் முன் சீட்டில் இரண்டு பேர் சேர்ந்து உலகத்தைத் திட்டினார்கள்.

ஆனால் எங்களுக்கு அவரிடம் இருந்த பெரிய பயம் இரத்தினபுரியிலிருந்து திரும்பி வரும்போதுதான். எங்கள் ஹோல்டுக்குப் பெயர்ப் பலகையும் கிடையாது, மழைக்கு ஒதுங்க மடுவமும் கிடையாது. தோட்டத்தின் பெயரை யாராவது கத்தினால்தான் பஸ் நிற்கும். டவுனில் வேலை செய்கிற நாங்கள் எல்லோரும், தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து வருவதை மறைத்து, றக்வானை டவுன்காரர்கள் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். சுமதியின் முதலாளியும் அதே பஸ்ஸில்தான் வருவார். கண்டக்டர் "கொஹெத?", எங்கே, என்று கேட்டால் ஆளுக்கு ஆள் "றக்வானை" என்போம். கூடுதல் காசு கொடுத்து றக்வானைக்கு டிக்கட் எடுத்துவிட்டு, இரண்டு ஹோல்ட் முன்னாலேயே தவறுதலாக இறங்குகிறவர்கள் மாதிரி இறங்குவோம்.

கத்துகிற வேலையைச் சாமி செய்தார். முன்னாலிருந்து தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர் எல்லாவற்றையும் கத்திச் சொல்லி, "நம்ம லயத்துப் புள்ளைங்க எல்லாம் எறங்குங்க" என்பார். யாராவது தயங்கினால் பெயரும் வரும். "சுமதி, தூங்காத தாயி. ஒங்க லயம் வந்திருச்சு." அவர் வராத நாட்களில், முதலில் யார் கத்துவது என்று பார்த்துப் பார்த்து, கடைசி நொடியில் யாராவது "பஹினவா", இறங்கணும், என்று சிங்களத்தில் முனகுவோம்.

போன வருஷம் கோவிலைப் புதுசாகக் கட்டினோம். கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் காசு அனுப்பினார்கள். தகரக் கூரை போய், கோபுரம் வந்தது, டைல்ஸ் வந்தது. இவ்வளவு செலவு செய்துவிட்டு, அம்மனிடம் பொரிகடலை பற்றிப் பேசும் ஆளை வைத்துக் கும்பாபிஷேகம் செய்ய எல்லோருக்கும் கூச்சம். வெளியூரிலிருந்து வருகிற ஆட்கள் என்ன நினைப்பார்கள். கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் பக்குவமாகத்தான் சொன்னார்.

"சாமி, இனி ஐயர் ஒருத்தரு நெரந்தரமா வந்திருவாரு. நீங்க ரெஸ்ட் எடுங்க. பழம் நறுக்குறதுக்கு மட்டும் வந்தாப் போதும்."

அவர் குனிந்து டைல்ஸைப் பார்த்தார். "சரிங்க. அப்ப பஸ்ஸுல கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

எல்லோரும் சிரித்தோம். அது பகிடி என்று நினைத்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் ரோட்டின் நடுவில் நின்றுதான் பஸ்ஸை நிறுத்தினார். துண்டு இல்லை. ஏறினார். ஸ்டியரிங்குக்கு விபூதி வைக்கவில்லை. முன் சீட்டு காலியாக இருந்தது. அதைக் கடந்து உள்ளே வந்து, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பி அவருக்குச் சரியாக எட்டவில்லை. குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

கண்டக்டர் ஓடிவந்து சீட்டைக் காட்டினான்.

"எபா மல்லி" என்றார். "தென் மம பூஜக பக்ஷயே நெவெய்." வேண்டாம் தம்பி, இப்போது நான் மதகுரு இல்லை.

கமிட்டியில் நடந்தது பஸ்ஸில் எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. நாங்கள் சொல்லியிருக்கவும் மாட்டோம். நான் எழும்பி என் சீட்டைக் கொடுத்தேன். "உக்காருங்க சாமி, நீங்க அந்தச் சீட்டுலயே உக்காரலாமே, யாரு கேக்கப் போறா?" என்றேன்.

"மேல எழுதியிருக்குல்ல தம்பி. எனக்கு வாசிக்கத் தெரியும்" என்றார். என் சீட்டிலும் உட்காரவில்லை.

கஹவத்தைக்கு அப்பால் பிக்கு ஏறினார். காலிச் சீட்டைப் பார்த்தார். திரும்பி இவரைப் பார்த்தார். இவர் வெளியே பார்த்தார். பெல்மதுளைச் சந்தியில் இன்னொரு மருந்துக் கடைக்குத் திறப்பு விழா நடந்துகொண்டிருந்தது. பட்டாசு வெடித்தார்கள், ரோடு அடைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றோம். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். சுமதியும் போனைக் கீழே வைத்துவிட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மாலை பஸ்ஸில் நல்ல மழை. ஜன்னல் ஷட்டர்களை எல்லாம் இறக்கியிருந்தார்கள். சாமி பின் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். கண்டக்டர் வந்தான். "கொஹெத?" நாங்கள் ஆளுக்கு ஆள் சொல்ல வேண்டியதைச் சொன்னோம். எங்கள் தோட்டத்துக்கு முந்தின ஹோல்டில் யாரோ இறங்க, அவர்களோடு அவரும் பின் கதவால் இறங்கினார். ஏதோ வேலை என்று நினைத்தோம். மழையில் துண்டு இல்லாத தலையோடு தோட்டத்துப் பக்கம்தான் நடந்தார்.

பஸ் மேலே ஏறியது. சுமதி என்னைப் பார்த்தாள். நான் எனக்கு முன்னால் இருந்த பையனைப் பார்த்தேன். அவன் தூங்குகிற மாதிரி இருந்தான். முதலாளி இரண்டு சீட்டுக்கு முன்னால் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டத்து வளைவு வந்தது, போனது.

ஏழு மணிக்கு எல்லோரும் றக்வானை ஸ்டாண்டில் இறங்கினோம். எல்லோரிடமும் அதுவரைக்கும் டிக்கட் இருந்தது.