களவா மீனும் மச்சான் காலும்

அரியலூர்க்காரர்களுக்கும் கடலுக்கும் இருந்த உறவு பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. அப்போது எங்கள் ஊரே கடலுக்கடியில்தான் கிடந்ததாம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இன்றும் கல்லாகிப்போன சிப்பிகள் கிடைக்கின்றன. அதற்குப் பிறகு நாங்கள் கடலைத் தேடிப் போனதில்லை, கடலும் எங்களைத் தேடி வந்ததில்லை. இந்தச் சுமுகமான ஏற்பாட்டைக் கெடுத்தவன் நான்.

எல்லாம் என் கல்யாணத்தால் வந்தது. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்து ஊர்ப் பெண்ணான செல்வியை நான் காதலித்துக் கட்டிக்கொண்டதில் அவள் வீட்டில் யாரும் எங்களோடு பேசவில்லை. அவளுடைய அண்ணன் குமரேசன் மஸ்கட்டில் வேலை பார்த்தவர். தங்கச்சி என்றால் உயிர். அதனால் கோபமும் அவருக்குத்தான் அதிகம். இரண்டு வருஷமாக ஒரு போன்கூடக் கிடையாது. அவர் ஊருக்குத் திரும்பி வந்திருந்த சமயம், ஒருநாள் செல்வி போனும் கையுமாக ஓடி வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அண்ணன் பேசிருச்சுங்க!"

"என்ன சொன்னாரு?"

"உங்களுக்கு நீச்சல் தெரியுமான்னு கேட்டுச்சு."

(இரண்டு வருஷக் கோபத்துக்குப் பிறகு ஒரு மனிதர் கேட்கிற கேள்வியா இது?)

"தெரியும்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை தரங்கம்பாடி கடல்ல மீன் குத்தப் போவுதாம். உங்களையும் வரச் சொல்லுச்சு."

"எதால குத்துவாரு?"

"ஈட்டியாலயாம்."

எனக்குத் தெரிந்ததெல்லாம் கிணற்று நீச்சல். தொப்பென்று குதித்து, படியைப் பிடித்து ஏறுவது. கடலில் படி இருக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் செல்வியின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜெயங்கொண்டம் பஸ் நிலையத்தில் குமரேசன் ஆள் உயர மூட்டை ஒன்றோடு நின்றிருந்தார். "வாங்க" என்றார். மாப்ள என்றோ, வேறு எப்படியோ, உறவு சொல்லிக் கூப்பிடவில்லை. கும்பகோணம் பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"ஈட்டி."

"யாரக் குத்தப் போறீங்க?"

குமரேசன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மீனை" என்றார். அந்தப் பார்வைக்கும் பதிலுக்கும் நடுவில் எனக்கு வேர்த்துவிட்டது.

தரங்கம்பாடியில் அவரோடு மஸ்கட்டில் வேலை பார்த்த கலைமணி பைபர் படகோடு காத்திருந்தார். கரை மறைவதற்கு முன்பே நான் காலையில் தின்ற பொங்கலைக் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். கடலுக்கடியில் பாறை இருக்கும் இடத்தில் படகு நின்றது. மூக்கையும் சேர்த்து மூடும் முங்கு கண்ணாடியை என் முகத்தில் மாட்டி இறக்கினார்கள். இறங்கியதும் மூக்கு வரை உப்புத் தண்ணீர் ஏறியது. இருமிக்கொண்டே படகைப் பிடித்தேன்.

குமரேசன் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "மீசைதான் காரணம். மீசை இருந்தா கண்ணாடி ஒட்டாது, தண்ணி உள்ள வரும்."

கலைமணி இடுப்பிலிருந்து வலை அறுக்கும் கத்தியை எடுத்தார். (பெண்ணைக் கட்டியதற்கு மீசையை எடுக்கிற தண்டனை பழைய காலத்தில் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.) நான் போட்ட கூச்சலில், "சரி சரி, இஞ்சின் கிரீஸ் இருக்கு, அத அப்பிக்குங்க" என்றார். அப்பிக்கொண்டேன். தண்ணீர் நின்றது. மூச்சில் மட்டும் லாரி பட்டறை வாசம்.

ஈட்டியின் அடியில் ஒரு ரப்பர் வளையம். அதைக் கையில் மாட்டி இழுத்துப் பிடித்து, விட்டால் ஈட்டி பாயும். நான் முங்கினேன். அந்த நிமிஷத்தை இன்னும் மறக்கவில்லை. பச்சை வெளிச்சத்தில் மஞ்சள் கோடு போட்ட மீன்கள், பள்ளிக்கூடம் விட்ட மாதிரி என்னைச் சுற்றிக் கலைந்து போயின. பயமெல்லாம் போய்விட்டது. அப்போதுதான் பாறை ஓரமாக அகலமான கறுப்பு வால் ஒன்று மெல்ல ஆடுவது தெரிந்தது. இவ்வளவு பெரிய மீனா! இழுத்து விட்டேன். சதக்கென்று இறங்கியது.

மீன் திரும்பிப் பார்த்தது. அதற்குக் கண்ணாடி இருந்தது.

நான் குத்தியது குமரேசன் காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்பை. விரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி. இருவரும் மேலே வந்தோம். அவர் துடுப்பில் தொங்கும் ஈட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, தங்கச்சியக் கட்டிக்கிட்டது பத்தாதா? என் காலு வேற வேணுமா?"

கலைமணி சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. குமரேசனும் சிரித்தார். நானும் சிரித்து, அரைக் குடம் கடலைக் குடித்தேன். அவர் என்னை மாப்ள என்று கூப்பிட்டதே எனக்குப் படகில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அதன்பிறகு அவர் என் ஈட்டிக்கு எட்டாத தூரத்திலேயே நீந்தினார். மத்தியானம் ஒரு பாறைப் பொந்தின் இருட்டுக்குள் நான் கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். ஈட்டி மாட்டிக்கொண்டது. இழுத்தால் முனையில் ஒரு களவா மீன், கோபமாக வாயைப் பிளந்துகொண்டு. என்னைவிட அதற்குத்தான் ஆச்சரியம் அதிகம்.

திரும்பும் பஸ்ஸில் மெல்லக் கேட்டேன். "என்னை ஏன் மச்சான் கூப்பிட்டீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். "தனியா முங்கக் கூடாது, தொணைக்கு ஆள் வேணும்." கொஞ்சம் கழித்து, "கூப்பிட ஒரு சாக்கு வேணும்ல" என்றார்.

ஜெயங்கொண்டத்தில் நான் அரியலூர் பஸ்ஸைத் தேடியபோது அவர் என் கையைப் பிடித்தார். "நீங்க அங்க போய்ச் சேர்றதுக்குள்ள மீன் கெட்டுரும். வூட்டுக்கு வாங்க."

அந்த வீட்டு வாசலை நான் அதுவரை மிதித்ததில்லை. கதவைத் திறந்த மாமியார், கிரீஸ் பூசிய என் முகத்தைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார்.

"யார்றா இது?"

"உன் மருமவன்தாம்மா."

அவர் கதவை அகலத் திறந்துவிட்டார். பிறகு, "மூஞ்சியக் கழுவிட்டு வரச் சொல்லு, சோறு ஆவுது" என்றார்.

மச்சான் முன்பே போனில் வரச் சொல்லியிருந்ததால், குழம்பு கொதிக்கும்போது செல்வியும் வந்து சேர்ந்தாள். அம்மாவும் மகளும் அடுப்படியில் என்ன பேசினார்கள் என்று தெரியாது. குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. அதை யாரும் சொல்லவில்லை. எல்லாரும் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டோம்.

இப்போதெல்லாம் பொங்கல், தீபாவளிக்கு அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தால் போதும். கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரையும் பார்த்து மாமியார் சத்தமாகச் சொல்வார்: "மாப்ள வந்துட்டாரு, எல்லாரும் காலை மடக்குங்க!"

முதலில் மடக்குபவர் மச்சான்தான்.